பாவாயி காலில் இருந்தது பொட்டு அல்ல

பாவு, நீ போய்விட்டாய் என்று சொல்ல ஆள் வந்தபோது நான் கடலைக்காட்டில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தேன். உன் அண்ணன், என் வீட்டுக்காரர், காட்டோரம் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்றைக்கோ நாளைக்கோ என்று எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஆள் வரப்பில் வந்து நின்றதும் என் கையில் இருந்த செடி தானாக நழுவிக் கீழே விழுந்துவிட்டது.

"ஏனுங்க, கீழ்க்காட்டு ஊட்டுப் பாவாயி அம்மா போயிட்டாங்க. சாமி குத்தமுங்க."

எங்கள் பக்கம் எழவு சொல்லப் போகிறவர் ஒரே பேச்சைத்தான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போவார். யார் போனது, எதனால் போனது, எப்போது எடுப்பது. அதற்கு மேல் நிற்க மாட்டார். ஆனால் அவர் சொல்லிவிட்டுப் போனதுதான் அந்தந்த ஊரில் நிலைத்து நிற்கும். பேரன் பேத்தி காலத்திலும் அதையே சொல்வார்கள். அழுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன்.

"சாமி குத்தம்னு யாரு சொல்லச் சொன்னது?"

"பெரியவங்கதானுங்க."

"இதுக்கு முன்னால எந்த ஊர்ல சொன்னே?"

"இதுதானுங்க மொத ஊரு. பொறந்த ஊட்டுக்குத்தானே மொதல்ல சொல்லோணும்."

"நல்லதாப் போச்சு. இங்கயே மாத்திக்க. கால்ல வந்த கறுப்புப் புத்து தலைக்கு ஏறிப் போயிட்டாங்கன்னு சொல்லு."

அவர் ஒரு தரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். "நெம்ப நீளமுங்க அம்மா. சாமி குத்தம்னா கேக்கறவங்க கன்னத்துல போட்டுக்கிட்டு உட்டுருவாங்க. இப்படிச் சொன்னா என்னை உக்கார வெச்சு, அதென்ன புத்து, எப்படி ஏறிச்சுன்னு கேப்பாங்களே. பொழுது சாயறதுக்குள்ள நான் எத்தனை ஊருக்குப் போறது?"

"கேக்கட்டும். கேக்கோணும்னுதான் சொல்றேன்."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். ஆம்பளை ஏதாவது சொல்வார் என்று நினைத்திருப்பார். என் வீட்டுக்காரர் மாட்டுக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். எழவு சொன்னவர் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அதனால் அவர் பேசாமல் திரும்பி நடந்தார். என்ன சொல்லிக்கொண்டு போகிறாரோ என்று, அவர் தலை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் உட்கார்ந்து அழுதேன்.

பாவு, கொஞ்சம் பொறு, ஊருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன். செத்த வீட்டுச் சேதிக்கு இவள் ஏன் இப்படி மல்லுக்கு நின்றாள் என்று ஊரில் நீங்கள் கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. பாவாயி காலில் வந்தது போல ஒரு கறுப்பு அன்றைக்கு என் வீட்டுக்காரரின் வலது காலிலும் இருந்தது. அவள் சாமி குத்தத்தில் போனாள் என்று ஊர் நம்பினால் அவரும் நம்புவார். நம்பினால் காலை யாரிடமும் காட்ட மாட்டார் என்று பயந்தேன். எனக்கு மூன்றாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எழுத்தைக் கூட்டித்தான் எழுதுகிறேன். பாவாயியைத் தெரிந்தவர்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவளைப் பற்றி ஒரு பொய் உங்கள் காதில் நிலைத்துவிடக் கூடாது.

அவள் என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை. என்னை நங்கையா என்பாள்; எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவது. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கேழ்வரகுக் களி கிண்டினேன். உருண்டை உருண்டையாகக் கட்டி தட்டிவிட்டது. மாமியார் என்ன சொல்வாரோ என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பாவாயி அப்போது கல்யாணம் ஆகாத பெண். உள்ளே வந்து எட்டிப் பார்த்தாள். "அழுதா கட்டி கரையுமுங்களா நங்கையா? கண்ணைத் தொடைச்சுட்டுத் துடுப்பைப் புடிங்க, நான் பானையைப் புடிக்கறேன்" என்றாள். பிறகு, "ஒண்ணு ரெண்டு கட்டி இருக்கட்டும். என்ற அண்ணனுக்கு மெல்லறதுக்கு ஏதாவது வேணுமில்ல" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிட்டாள். அழுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து கூட அழுவது அவளுக்குத் தெரியாது. எழுப்பி வேலை கொடுப்பாள்.

கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போனாள். அவள் வீட்டுக்காரர் கருப்பண்ணன் ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு மேட்டூரில் அணை வேலைக்குக் கல் அடிக்கப் போய்விட்டார். வீட்டில் இன்னொரு வண்டி சும்மா கிடந்தது. பருத்தி விலை இறங்குவதற்குள் சங்ககிரி சந்தைக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. பாவாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே மாட்டைப் பூட்டினாள். நான் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டேன். பயத்தில் மூட்டைக் கயிற்றை வழியெல்லாம் விடவே இல்லை. சந்தை வாசலில் நாலைந்து பேர் வழிமறித்தார்கள்.

"ஏம்மா, ஊட்ல ஆம்பளை இல்லியா?"

"இருக்கறாங்க. ஆனா மாடு என்ற பேச்சைத்தான் கேக்குது" என்றாள். "நீங்க கொஞ்சம் அக்கட்டால நவுருங்க. அது உங்க பேச்சையும் கேக்காது."

சந்தையே சிரித்தது. அதற்குப் பிறகு அந்த வழியில் அவளை யாரும் மறித்ததில்லை.

இப்போது அந்தக் காலுக்கு வருகிறேன். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் ஆணும் பெண்ணும் நெருப்புக் குண்டம் இறங்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஒரு வருஷம் விஷக்காய்ச்சலில் கிடந்தார். அண்ணன் எழுந்தால் குண்டம் இறங்குகிறேன் என்று பாவாயி வேண்டிக்கொண்டாள். அவர் எழுந்தார். அதிலிருந்து அவள் ஒரு நோம்பியும் விட்டதில்லை. இறங்கி வருகிறவர்களின் காலை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவுவது வழக்கம். ஒரு நோம்பியில் அப்படிக் கழுவும்போது அவளுடைய இடது குதிகாலில் மிளகு அளவு கறுப்பாக ஒன்று தெரிந்தது. தழும்பும் இல்லை, கொப்புளமும் இல்லை. கழுவிய அம்மாள், "அடியே, அம்மன் பொட்டு வெச்சிருக்கறா பாரு!" என்று கத்தினாள். எல்லோரும் குலவை போட்டோம்.

அன்றிலிருந்து அது பொட்டு. வேண்டுதல் உள்ள பெண்கள் மஞ்சளைத் தொட்டு அதன்மேல் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். மிளகு ஆமணக்கு விதை ஆயிற்று. அதற்குப் பிறகு புளியங்கொட்டை ஆயிற்று. பெரிதாகப் பெரிதாக எங்களுக்கு ஒரே சந்தோஷம். அருள் வளர்கிறது என்றார்கள். பாவாயிக்கும் பெருமைதான். மழை இல்லாமல் காய்ந்து கிடந்த பங்காளி காட்டு வழியாக நடக்கும்போது, "வேணும்னா சொல்லுங்க, ஒரு நடை குறுக்க நடந்துட்டுப் போறேன், வெளையட்டும்" என்பாள். பிறகு என் வீட்டுக்காரரும் குண்டம் இறங்க ஆரம்பித்தார். அவர் வலது காலில், கட்டை விரலுக்குக் கீழே சின்னதாக ஒன்று கறுத்தது. "தங்கச்சிக்கு மட்டுந்தானா? எனக்கும் வெச்சுட்டா பாரு" என்று எல்லோரிடமும் காலைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்.

பொட்டு ஒரு நாள் வெடித்தது. கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தவளின் பின்னால் வாசல் வரைக்கும் ரத்தம் சொட்டியிருந்தது. அவள் மாமியார் மஞ்சள் அரைத்துப் பூசினார். ஆறவில்லை. சவரம் செய்ய வந்தவர் பார்த்துவிட்டு, "ஒரு சீவு சீவிச் சூடு வெச்சாத் தீந்துதுங்க" என்றார். அம்மன் வைத்த பொட்டில் கத்தி படுவதா என்று மாமியார் அவரைத் திட்டி அனுப்பிவிட்டார். அது ரத்தம் கேட்கிறது, கிடா வெட்ட வேண்டும் என்று பேச்சு கிளம்பியது. தொடை இடுக்கில் நெறியும் கட்டியது. காலில் புண் இருந்தால் நெறி கட்டுவது வழக்கம்தான், இரண்டு நாளில் அமுங்கிவிடும். இது அமுங்கவில்லை. நெல்லிக்காய் போலக் கல்லாக நின்றது.

பாவாயி என்னைத் தேடி வந்தாள். "பொட்டு ரத்தம் கேக்குதாமா. தெனமும் நெத்தியில வெக்கறோமே, அது என்னைக்காவது கேட்டுதுங்களா நங்கையா? எனக்கு இது பொட்டுன்னு தோணலை. சேலத்துக்குப் போலாம், எந்திரிங்க."

மேட்டூரிலிருந்து திரும்பியிருந்த கருப்பண்ணன் எங்களைச் சங்ககிரியில் ரயில் ஏற்றி, அவரும் கூட வந்தார். சூரமங்கலத்தில் இறங்கி, குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டரம்மா தெற்குச் சீமைக்காரர். பாவாயியின் காலைத் தன் மடியிலேயே தூக்கி வைத்துப் பார்த்தார். நெறியை அழுத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இது கறுப்புப் புற்று என்றார்.

பாவாயி விடவில்லை. சந்தையில் விலை பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"குண்டம் எறங்கினதால வந்துதுங்களா?"

"அப்படி எனக்குத் தோணலை. செருப்பே இல்லாம வயல்ல நடக்கிறவங்க கால்லயும், நெருப்பையே மிதிக்காதவங்க கால்லயும் பார்த்திருக்கிறேன்."

"அப்ப அம்மன் மேல பழி இல்லை. சரி. மேல சொல்லுங்க, இது என்ன பண்ணும்?"

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். தோலோடு தோலாக மெல்லிசாகப் படர்ந்திருக்கும்போதே வந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்திருப்பேன். இது கனத்துப்போய் உள்ளே இறங்கிவிட்டது. எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு சீக்கிரம் ரத்தத்தோடு கலந்துவிடும். வெடித்து ரத்தம் வந்தது என்றால் இன்னும் கெடுதல். நெறி கட்டி அமுங்கவில்லை என்றால், அது காலைத் தாண்டிப் புறப்பட்டுவிட்டது. இனி நெஞ்சுக்குப் போகலாம். நெஞ்சுக்குப் போனால் தலைக்குப் போவதற்கு வழி பக்கம்தான்.

"எல்லாருக்கும் தலைக்கு ஏறுமுங்களா?"

"இல்லம்மா. நான் சொன்ன அடையாளமெல்லாம் இருக்கிறவங்களுக்கு ஆபத்து அதிகம். தலையிலயும் கழுத்துலயும் இது வந்தவங்களுக்கு அதிகம். ஆம்பிளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாப் பார்த்திருக்கிறேன். ஆனா ஒருத்தருக்கு ஏன் போகுது, இன்னொருத்தருக்கு ஏன் போகலைன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"இதுலயும் அவங்களுக்குத்தான் மொதப் பங்குங்களா?" என்று பாவாயி கருப்பண்ணனைப் பார்த்தாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டும், நெறியையும் எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் பிழைப்பேனா என்று பாவாயி கேட்டாள். "இன்னும் தலைக்குப் போகலைன்னா தடுக்கலாம். போயிருந்தா தடுக்க முடியாது. போயிருக்கான்னு உள்ள பார்க்க எங்கிட்ட வழி இல்லை" என்றார். அந்த வார்த்தையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காலில் கத்தி படுவதற்கு முன்னாலேயே அவர் அதைச் சொல்லிவிட்டார்.

புருஷன் சம்மதம் சொல்ல வேண்டும். கருப்பண்ணன் நல்ல மனுஷர், ஆனால் ஊருக்குப் பயந்தார். "அது அம்மன் கால், பாவாயி. ஊர்ல நான் என்ன சொல்லுவேன்?" என்றார்.

"அம்மன் காலுன்னா முள்ளு குத்தறப்ப அம்மனுக்கு வலிச்சிருக்கோணும். எனக்குத்தானே வலிச்சுது? என்ற காலுங்க. சரின்னு சொல்லுங்க" என்றாள்.

அவர் சரி என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் சுவரில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

ஒரு காலும் ஒரு கழியுமாக அவள் ஊர் திரும்பியபோது, மஞ்சளோடு வந்துகொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டால் சந்து மாறிப் போனார்கள். வீட்டுக்கு ஆகாதவள் என்றார்கள். அவள் அதற்கெல்லாம் முடங்கவில்லை. கழியை ஊன்றிக்கொண்டு களை வெட்டினாள். "எதுக்கெடுத்தாலும் ஒத்தைக்கால்ல நிக்கறேன்னு முன்னெல்லாம் பேசுவீங்களே, இப்ப நெசமாவே நிக்கறேன், வந்து பாத்துக்குங்க" என்று வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி சொல்வாள்.

அந்த வருஷ நோம்பியில் அவள் செய்ததை நேரில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மஞ்சள் தண்ணீரில் கால் கழுவுகிற இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். குண்டம் இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் "காலைத் தூக்கு" என்றாள். பெண்கள் பயந்து தூக்கினார்கள். விரல் இடுக்கு, குதிகால், நகத்தடி எல்லாம் பார்த்தாள். கறுப்பு எதுவும் இல்லையென்றால் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "போ சாமி, நல்லாரு" என்பாள்.

பூசாரி வந்தார். "பாவாயி, இது கோயிலா, ஆஸ்பத்திரியா?"

"கால் கழுவற எடத்துல கால் பாக்கறேனுங்க. உங்களுக்கு என்ன நட்டம்?"

"அம்மன் வெச்ச பொட்டை அறுத்துப் போட்டுட்டு வந்து இங்க உக்காந்திருக்கறே."

"அம்மனுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுக்காதீங்க. வேண்டிக்கிட்டு வந்தவ கால்ல வெசத்தை வெக்கறவளா அவ? நானும் அவளத்தான் கும்பிடறேன். காலைத் தூக்குங்க, உங்களுதையும் பாத்துடறேன்."

பூசாரி போய்விட்டார். அடுத்து என் வீட்டுக்காரர் வந்தார். அவளுடைய கை நீண்டது. அவர் பின்னால் நகர்ந்துகொண்டார். "அண்ணன் காலைத் தங்கச்சி தொடறதா? போ பாவு, அக்கட்டால" என்று சொல்லிவிட்டு ஈரக் காலோடு கூட்டத்துக்குள் போனார். அவள் அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் தெரிந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டரம்மா அவளிடம் அத்தனை சொன்னபோதுகூட அவள் அப்படிப் பயப்படவில்லை.

பிறகு வறட்டு இருமல் வந்தது. அதற்குப் பிறகு தலைவலி. விடிந்து எழுந்தவுடன் மண்டையைப் பிளக்கும், வாந்தி வரும். கையில் பிடித்த டம்ளர் தானாக நழுவும். பேச்சு குழம்பியது. தண்ணீர் வேண்டும் என்பதற்குக் கதவு வேண்டும் என்பாள். தப்பாகச் சொல்கிறோம் என்பது அவளுக்கே தெரியும். அந்தக் கோபத்தில் கட்டில் சட்டத்தை ஓங்கி அடிப்பாள். ஒரு நாள் வலிப்பு வந்து கையும் காலும் வெட்டி இழுத்தன. ஊருக்கு அது போதும். அம்மன் காலை வெட்டினாள், அம்மன் தலைக்கு ஏறிவிட்டாள் என்றார்கள். பூசாரி வேப்பிலையோடு வந்து, முடியைப் பிடித்து "யாரு நீ, சொல்லு" என்று கேட்டார்.

பாவாயி கண்ணைத் திறந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. வார்த்தையைத் தேடித் தேடி எடுத்துச் சொன்னாள். "கருப்பண்ணன் பொண்டாட்டி. முடியை உடு."

அங்கே இருந்தவர்களில் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். கருப்பண்ணன் எழுந்து பூசாரியின் கையைப் பிடித்து விலக்கினார். அவர் ஊரை எதிர்த்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடைசியாக ஒரு நாள் காலையில் தலை கொஞ்சம் தெளிந்திருந்தது. என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "சாமி குத்தம்னு சொல்ல உட்றாதீங்க நங்கையா. அப்படிச் சொன்னா அண்ணன் காலை மூடிக்கும்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசியது எதுவும் எங்களுக்குப் புரியவில்லை.

சேதி வந்த அன்று பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் கூட்டம். எங்கெங்கிருந்தோ வந்த ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம், "அதென்ன கறுப்புப் புத்து? கால்ல வந்தது எப்படித் தலைக்கு ஏறும்?" என்றுதான் கேட்டார்கள். எழவு சொன்னவர் பந்தல் ஓரத்தில் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஊருக்கு ஊரு புடிச்சு வெச்சுக்கிட்டாங்க அம்மா. நான் என்னத்தைக் கண்டேன்? உங்களையே கேக்கச் சொல்லிட்டேன்" என்றார். அந்த மனுஷரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. என்னால் முடிந்த வரைக்கும் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒப்பாரிக்கு நடுவில் நின்று சொன்னேன். அழ வந்த இடத்தில் இவள் பாடம் நடத்துகிறாள் என்று ஒரு அம்மாள் முணுமுணுத்தாள். முணுமுணுத்துவிட்டுத் தன் குதிகாலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் கோடியைப் போர்த்தினார். அப்போது பூசாரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "வர்ற நோம்பிக்கு அண்ணங்காரரு எறங்கித்தான் இந்தக் குத்தத்தைத் தீக்கோணும். அவரு கால்லயும் அம்மன் பொட்டு வெச்சிருக்கறா. அந்தக் காலுக்குத்தான் அந்தப் பாத்தியம்."

ஆம்பளைகள் கூடியிருக்கிற இடத்தில் நான் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத் திறந்தேன். "அது பொட்டு இல்லீங்க. இவ கால்லயும் அப்படித்தான் சொன்னீங்க. வளந்தப்ப அருள்னீங்க, வெடிச்சப்ப ரத்தம் கேக்குதுன்னீங்க, வெட்டினப்ப குத்தம்னீங்க. மூணு தரமும் நீங்கதான் பேசினீங்க. அம்மன் பேசலை. காலை எடுக்கறதுக்கு முன்னாலயே தலைக்குப் போயிருக்கலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. இவ ஊட்டுக்கார அண்ணனும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. ஏனுங்ணா, சொன்னாங்களா இல்லையா?"

கருப்பண்ணன் அழுதுகொண்டே, "சொன்னாங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் பாவாயியின் கட்டில் ஓரம், அந்த ஒற்றைக் கால் பக்கமாக உட்கார்ந்தார். கோடிச் சேலையைச் சரிசெய்யப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தன் வலது காலைத் தூக்கி இடது தொடை மேல் போட்டுக்கொண்டு உள்ளங்காலைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"இந்தா, இங்க வா" என்று என்னைக் கூப்பிட்டார். "முன்னைக்கு இப்பப் பெருசாயிருக்குதா பாரு. எனக்குச் சரியாத் தெரியலை."

இத்தனை வருஷத்தில் அவர் காலை நான் பிடித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். அத்தனை பேர் முன்னால் பிடித்துப் பார்த்தேன். மெல்லிசாக, ஓரம் கலைந்து, மை கொட்டியது போல இருந்தது. பெரிதாகியிருந்தது. சொன்னேன். கருப்பண்ணனும் வந்து குனிந்து பார்த்தார். "இவளை எடுத்துப் போட்டுட்டு வந்து நானே வண்டியைப் பூட்டறேன் மச்சான். எந்த நோம்பிக்கும் காத்துக்கிட்டிருக்க வேண்டாம்" என்றார்.

போனோம். டாக்டரம்மா அதே மாதிரி காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். இடுக்கில் அழுத்திப் பார்த்தார். நெறி இல்லை. வெடிப்பும் இல்லை. கால் போகாது, இந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் சதையோடு எடுத்துவிடுகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் யாரிடமும் எதுவும் கேட்டறியாதவர். அவர் வாயைத் திறந்து, "ஆம்பளைகளுக்குத்தான் தலைக்கு ஏறும்னு என்ற தங்கச்சி சொன்னா. நெசமுங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கூடுதல்னுதான் சொன்னேன். ஆனா அதைவிட இது எவ்வளவு ஆழம் போயிருக்குங்கிறதுதான் முக்கியம். உங்களுது மெல்லிசா இருக்கு. வாக்குக் கொடுக்க மாட்டேன். மாசா மாசம் வந்து காட்டணும். இவ்வளவு சீக்கிரம் வந்ததுக்கு உங்க தங்கச்சிக்குத்தான் நன்றி சொல்லணும்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். இப்போது காலில் கட்டோடு திண்டில் சாய்ந்துகொண்டு, களி ஆறிப்போயிற்று என்று என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். நெறி கட்டியிருக்கிறதா என்று தினமும் தானே தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். இன்னும் பயம் தீரவில்லை. தீராது என்றும் டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் காலை மூடிக்கொள்ளவில்லை.

பாவாயியின் சேலைகளை அவள் மகள் எடுத்துக்கொண்டாள். நகைநட்டு பெரிதாக ஒன்றும் இல்லை. நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்த முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்த இடம். வருகிற நோம்பிக்கு மஞ்சள் தண்ணீர்ப் பக்கத்தில் நான் உட்காரப் போகிறேன். பூசாரி வந்து சொல்வதைச் சொல்லட்டும். அவளைப் போல எடுத்தெறிந்து பேச எனக்கு வராது, அவ்வளவு சிரிப்புக் காட்டவும் தெரியாது. காலைத் தூக்கு என்று சொல்லத் தெரியும். அதைக் கேட்டு உங்களில் யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். காலைத் தூக்கிவிட்டுக் கோபப்படுங்கள்.

பாவு, ஊரிடம் எல்லாம் பேசிவிட்டேன். உன்னிடம் கேட்பதற்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்தக் கறுப்பு மிளகு அளவு இருந்தபோது, அத்தனை குலவைக்கு நடுவில் ஒருத்தி உன் காலைப் பிடித்து, இது பொட்டு இல்லை, எந்திரி, சேலத்துக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தால், நீ அவளோடு வண்டி ஏறியிருப்பாயா, இல்லை, கோயில் வாசலை விட்டே அவளை விரட்டியிருப்பாயா?